வடசேரியா, தென்சேரியா?

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து கதைச் சோடிகளுக்குப் பெயர் கட்டும் தம்பி தங்கையருக்கு,



‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ நாடகம் ஓடிய நாட்களில் கதிரையும் முல்லையையும் சேர்த்துக் ‘கதிர்முல்லை’ என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். கொரிய நாடகச் சோடிகளுக்கும் பாதிப் பெயரோடு பாதிப் பெயரைப் பொருத்திப் புதுப்பெயர் கட்டுகிறீர்கள். இந்தச் சோடி சேர வேண்டும் என்று சிலர், கூடாது என்று சிலர், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வாக்குவாதம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையில் வாழ்ந்த இருவருக்காகக் கட்சி பிரிந்து, அந்தக் கட்சிகளுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு முதுசமாகவும் விட்டுப்போன சனத்தின் பேரப்பிள்ளைகள் நீங்கள்.

அந்தப் பெயர்கள் வடசேரி, தென்சேரி. வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகை கட்சி. உங்கள் குடும்பம் இவற்றில் எது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதை விசாரித்து எழுதி வையுங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல். அதற்கு முன் அந்தப் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பிலுவில், காரைதீவு, கல்முனை, கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, முதலைக்குடா, வந்தாறுமூலை என்று மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அதற்குத் தெற்கேயும் கண்ணகை அம்மன் குடிகொண்ட ஊர்கள் நீள்கின்றன. வைகாசியில் கதவு திறக்கும். கல்யாணக்கால் நடுவார்கள். ‘கண்ணகி வழக்குரை’ படிப்பார்கள். கடைசியில் குளிர்த்தி. ஆண்டுதோறும் இந்த வாவிக்கரையில் அந்த இருவருக்கும் கல்யாணம் நடக்கிறது, ஆண்டுதோறும் மதுரை எரிகிறது, ஆண்டுதோறும் அம்மனைக் குளிரச் செய்கிறோம். இது நீங்கள் அறிந்ததுதான்.

மழை பொய்த்தாலோ அம்மை, கொள்ளை நோய் பரவினாலோ நம் பழைய ஊர்கள் இன்னொன்றும் செய்தன. அதுதான் கொம்பு விளையாட்டு; கொம்புமுறி என்றும் சொல்வார்கள். வைரம் பாய்ந்த வளைந்த இரண்டு மரக் கவர்களை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஊர் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நின்று இழுக்கும். முதலில் சிறுவர்களின் சின்னக் கொம்புகள், பிறகு பெரியவர்களின் பெரிய கொம்புகள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. இதையொட்டித் தேங்காயோடு தேங்காய் மோதவிடும் போர்த்தேங்காய் அடிப்பதும் உண்டு. வென்ற சேரி ஊர்வலம் வரும், தோற்ற சேரியை வசைபாடும்.

ஏன் கொம்பு? இதற்கு ஒரு கதை சொல்வார்கள். கோவலனும் கண்ணகையும் ஒரு நாள் சோலைக்குச் செண்பகப்பூப் பறிக்கப் போனார்கள். இருவர் கையிலும் கொக்கத்தடி. உயர்ந்த கிளையை இருவரும் வளைத்தபோது இரண்டு தடியும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. அவன் இழுத்தான், அவள் இழுத்தாள். அவன் பக்கம் தோழர் சேர்ந்தனர், அவள் பக்கம் தோழியர் சேர்ந்தனர். கடைசியில் அவன் தடி முறிந்தது.

சிலப்பதிகாரத்தில் இந்தக் காட்சி இல்லை. தேடிப் பார்க்க வேண்டாம். இளங்கோ அந்த இருவருக்கும் கொடுத்த மகிழ்ச்சியான காலம் மிகக் குறைவு. முதற்காதையில் கல்யாணம். அப்போது கோவலனுக்கு 16 வயது, கண்ணகிக்கு 12. இரண்டாம் காதையில் மாடத்தில் இருவரும் தனித்திருக்க, அவன் அவளைப் புகழ்ந்து பேசுகிறான். மூன்றாவது காதையில் மாதவி அரங்கேறிவிடுகிறாள், அவன் போய்விடுகிறான். அவன் திரும்பி வரும்போது கையில் காசில்லை, மதுரைக்கு நடக்கிறார்கள், அங்கே அவன் வெட்டுண்டு விழுகிறான். இந்த இருவரையும் நேசித்த சனத்துக்கு இது போதவில்லை. மாடத்துக்கும் மாதவிக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு பகற்பொழுது வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். விளையாட்டும் சிரிப்பும் செல்லச் சண்டையுமான ஒரு சோலைக் காட்சியைத் தாங்களே கட்டிக் கதைக்குள் செருகினார்கள். நீங்கள் உங்கள் சோடிக்காக நாடகத்தில் இல்லாத காட்சியை எழுதிச் சிநேகிதிகளிடம் காட்டுகிறீர்களே, அதே ஆசைதான். வாவிக்கரைச் சனம் தாங்கள் கட்டிய காட்சியை மழை வேண்டும் சடங்காகவும் ஆக்கிவிட்டது. இதைவிடப் பெரிய மரியாதை ஒரு கதைச் சோடிக்கு எங்கே கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இது தமிழ்ச் சனத்தோடு நின்றுவிட்ட கதையுமில்லை. சிங்கள ஊர்களில் இதே விளையாட்டுக்கு அங்கெளிய என்று பெயர். அங்கே கண்ணகி பத்தினித் தெய்வம், கோவலன் பாலங்க. அவர்கள் பறிக்கப் போனது சப்பு மலர், அதாவது நம் செண்பகம். அங்கேயும் இரண்டு கட்சி: உடுபில, யட்டிபில. மேற்கட்சி, கீழ்க்கட்சி என்று பொருள். உடுபில பாலங்கவுடையது, யட்டிபில பத்தினியுடையது. பத்தினியின் கட்சி வெல்வதே ஊருக்கு நன்மை என்பது நம்பிக்கை. கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். சிங்களத்தில் ‘அங்’ என்றால் விலங்கின் கொம்பு; மான் கொம்பை வைத்தும் ஆடினார்கள். தமிழில் கொம்பு என்பது மாட்டுக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு. கொடி படர்வதும் கொம்பில், குரங்கு தாவுவதும் கொம்பில். பூப்பறித்த கதை நம் மொழியில் இத்தனை இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு இந்த ஒரு சொல்லும் உதவியிருக்கும்.

அவர்கள் மேல், கீழ் என்று பிரித்ததை நாம் ஏன் வடக்கு, தெற்கு என்று பிரித்தோம்? நான் நினைப்பதைச் சொல்கிறேன். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். வாவியே 50 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அந்த நிலத்தில் ஓர் ஊரை இரண்டாக வகுக்க வேண்டுமென்றால் கிழக்கு மேற்காக வகுக்க இடமில்லை. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் களப்பு. வடக்கே பாதி, தெற்கே பாதி என்றுதான் வகுக்க முடியும். நம் கூத்திலும் வடமோடி, தென்மோடி என்றே இரண்டு மரபு. இந்த நிலத்தில் எதை இரண்டாக்கினாலும் அது வடக்கும் தெற்குமாகவே ஆகிறது.

சேரி என்ற சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டில் வாழ்ந்துவிட்டு வந்த உங்கள் உறவினர் முகம் சுளிக்கக்கூடும். அங்கே அந்தச் சொல்லை ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு மட்டும் உரியதாக்கி, இழிவையும் ஏற்றிவிட்டார்கள். பழந்தமிழில் சேரி என்றால் சனம் சேர்ந்து வாழும் பகுதி, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. மதுரைக்கு நடந்து களைத்த கோவலனும் கண்ணகியும் நகருக்குள் போகாமல் முதலில் தங்கிய இடம் அந்தப் புறஞ்சேரி. அறவோர் வாழ்ந்த இடமாக அதைக் காப்பியம் சொல்கிறது. அந்தப் பழைய பொருள் மாசுபடாமல் வாவிக்கரையில் தங்கிவிட்டது. நம் முதியவர்கள் ‘நாங்க தென்சேரி’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அந்த நிமிர்வைக் கேட்டால்தான் சொல்லின் பழைய உயரம் தெரியும்.

கட்சிக்கு வாரம் என்றும் ஒரு பெயர். வடசேரி வாரம், தென்சேரி வாரம் என்பார்கள். வயலை வாரத்துக்கு விடுவது உங்களுக்குத் தெரியும். அங்கே அது பங்கு. பழைய நிகண்டுகளில் வாரம் என்றால் அன்பு. வழக்கில் ஒரு பக்கம் சாய்வதையும் வாரம் என்றே சொன்னார்கள். பங்கும் அன்பும் பக்கச் சாய்வும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. ஒரு கதைச் சோடியில் ஒருவருக்காக உருகி நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? ‘ரசிகர்’ என்றால் எட்ட நின்று சுவைப்பவர். வாரக்காரர் வடத்தைப் பிடித்து இழுப்பவர்.

இன்னொரு ஊரின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் அங்கிருந்து வந்தது. 1993 இல் அமெரிக்காவில் ‘எக்ஸ் பைல்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. முல்டர், ஸ்கல்லி என்ற இரு துப்பறிவாளரும் காதலர் ஆக வேண்டும் என்று விரும்பிய பார்வையாளர் தங்களை ‘ரிலேஷன்ஷிப்பர்’ என்று அழைத்துக்கொண்டனர். அது தேய்ந்து ‘ஷிப்பர்’ ஆயிற்று, அதிலிருந்து ‘ஷிப்’. காதல் வேண்டாம் என்று நின்றவர்கள் ‘நோரோமோ’. கப்பலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அங்கேயும் முதலில் பெயர் வந்தது இரண்டு கட்சிக்குத்தான். சோடியின் பெயர்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கும் வழக்கம் அதன் பிறகே பரவலாயிற்று. தமக்கே பெயர் வைத்துக்கொள்ளும் அந்தத் துணிவு வாவிக்கரைச் சனத்திடம் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இருந்தது.

சோடியின் பெயரை ஒட்டுவது நமக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. சீதாராமன், ராதாகிருஷ்ணன், உமாமகேஸ்வரன், லட்சுமிநாராயணன். இவை எல்லாம் அடியார் கட்டிய சோடிப் பெயர்கள். இருவர் பெயரும் சேர்ந்து ஓர் ஆளின் பெயராகி, உங்கள் வகுப்பிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். பெண்ணின் பெயர் முன்னே வருவதையும் கவனியுங்கள். ஆனால் கண்ணகிகோவலன் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்ததாக நான் கேட்டதில்லை. கல்யாணக்கால் நட்டு ஆண்டுதோறும் அவர்களுக்கு மணம் முடித்துவைக்கும் நம் ஊர்களிலும் இல்லை. மற்றச் சோடிகள் பிரிந்தாலும் கடைசியில் ஒன்றாகப் பீடம் ஏறியவர்கள். இவர்களில் ஒருத்தி மட்டுமே கோயிலுக்குள் போனாள். முடிவு தெரிந்த சனம் அந்தப் பெயர்களை ஒட்டத் துணியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சிலப்பதிகாரத்துக்கு முன்னால் தமிழ்க் காதற்பாட்டில் காதலருக்குப் பெயரே இல்லை. அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி என்று மட்டுமே வர வேண்டும், ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. பெயர் சொன்னால் அது எல்லாருடைய காதலாக இராமல் அந்த இருவருடைய கதையாக ஒடுங்கிவிடும். சிலப்பதிகாரம் பெயர் சொல்லிற்று. வணிகர் வீட்டுப் பிள்ளைகள் இருவரின் பெயரைச் சொல்லி ஒரு பெருங்காப்பியம் எழுந்தது. அதன் பிறகுதான் ஊருக்குக் கட்சி சேர ஆட்கள் கிடைத்தார்கள்.

அந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். புத்தகத்தில் கண்ணகி. நம் வாயில் கண்ணகை. படித்தவர் பலர் நம்முடையதைக் கொச்சை என்று நினைத்துத் திருத்துகிறார்கள். திருத்த வேண்டாம். கண்ணும் நீரும் சேர்ந்தால் கண்ணீர் ஆவதுபோலக் கண்ணும் நகையும் சேர்ந்தால் கண்ணகைதான். கண்ணில் நகை உள்ளவள். கண்ணகி என்ற பெயருக்கும் இதையே பொருளாகச் சொல்வார்கள்; நம் ஊர் உச்சரிப்பில் அந்தப் பொருள் வெளிப்படையாகத் தெரிகிறது. மதுரையை எரித்தவளை, கோபம் ஆற நாம் குளிர்த்தி பாடும் அம்மனை, நாளும் பொழுதும் ‘சிரிக்கும் கண்ணாள்’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். பூப்பறித்த சோலையில் கொக்கத்தடி மாட்டிக்கொண்டபோது அவளுக்கு இருந்த கண் அதுதான்.

கோவலன் என்பது ஆயர் பெயர். சங்கப் பாட்டில் கோவலர் என்றால் ஆடு மாடு மேய்ப்போர். வடமொழிக் கோபாலனோடு இதை இணைப்பார்கள். கேரளத்துத் தோற்றம் பாட்டில் அவன் பாலகன், சிங்களத்தில் பாலங்க. மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரே பெயரின் வெவ்வேறு துண்டுகளைக் கடல் கடந்தும் மலை கடந்தும் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனதுபோல் இருக்கிறது. மாசாத்துவான் என்ற பெருவணிகனின் மகனுக்கு மேய்ப்பன் பெயர். மதுரையில் அவன் கண்ணகியை ஒப்படைத்துவிட்டுப் போனது மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணின் வீட்டில். அவன் கடைசியாக உண்ட சோறும் அந்த வீட்டுச் சோறுதான்.

கதையை யார் பெயரால் அழைப்பது என்பதிலும் நம் தீவு ஒரே மனதாக இல்லை. யாழ்ப்பாணத்தில் வழங்கிய பாடலுக்குக் கோவலனார் கதை என்று பெயர். வன்னியில் சிலம்பு கூறல். மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை. ஓரிடம் அவன் பெயர், ஓரிடம் சிலம்பின் பெயர், நம்மிடம் அவள் பெயர். நமக்கு அவள் பெயர் வந்ததில் எனக்கு வியப்பில்லை. இங்கே குடி தாய் வழியில் வருகிறது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அப்படிப்பட்ட நாட்டில், மனைவி அரசனிடம் போய் வழக்குப் பேசுகிற கதையை வேறு எப்படி அழைப்பது?

யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்கு ஒவ்வாதது என்று கண்டித்தார். அங்கே பல கண்ணகி கோயில்கள் ராஜராஜேஸ்வரி போன்ற பெயர்களுக்கு மாறின. பெயர் மாறினால் கதை போகும், கதை போனால் கோவலனும் போவான்; அம்மன் மட்டும் தனியே மிஞ்சுவாள். வாவிக்கரை தன் அம்மனின் பெயரை விடவில்லை. அதனால்தான் அவள் புருஷனுக்கும் இங்கே இன்றுவரை ஒரு கட்சி இருக்கிறது. நாவலர் செய்த மற்றப் பணிகளை மதிக்கிறேன். இந்த ஒன்றில் நம் கோயில் வண்ணக்கர்களும் பூசை செய்யும் கட்டாடியார்களும் வழக்குரை ஏட்டை மார்போடு அணைத்துக் காப்பாற்றியதே சரி என்பேன்.

அந்த வழக்குரைக்குள் நம் சனம் சேர்த்தது ஏராளம். அம்மன் பாண்டியனின் தோட்டத்தில் மாங்கனியாகப் பிறந்தாள், பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டாள், காவிரிப்பூம்பட்டினத்தில் மாநாகர் கையில் சேர்ந்தாள். அவள் சிலம்புக்கு நாகமணி வேண்டி மீகாமன் கப்பலேறினான், வடக்கே வெடியரசனோடு பொருதான். இவை ஒன்றும் இளங்கோ சொன்னவை அல்ல. பாண்டியனின் அரண்மனையில் பிறந்தவளே பாண்டியனை அழிக்க வந்தாள் என்று கதையின் தொடக்கத்தை முடிவோடு முடிந்துவைத்த கைகள் எவருடையவை? ஏடு படித்தும் பாடியும் வந்த நம் முன்னோருடையவை. இந்த வழக்குரையை 1968 இல் வித்துவான் வீ. சீ. கந்தையா பதிப்பித்தார், காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் வெளியிட்டது. அவரே 1964 இல் எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ உங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். அதே காரைதீவில்தான் விபுலானந்த அடிகள் 1892 இல் பிறந்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழ் பற்றி வரும் சில அடிகளுக்கு விளக்கம் தேடப் புகுந்து, அது வளர்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ ஆயிற்று. ஒரு கதையின் சில வரிகளில் ஆண்டுக்கணக்கில் மனம் தங்கிவிடுவது நம் மண்ணில் பழக்கமான காரியம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? மாதவிக்குச் சேரி இல்லை. நீங்கள் இந்தக் கதையை நாடகமாகப் பார்த்திருந்தால் உங்களில் பாதிப் பேர் மாதவி கட்சி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் பக்கமும் நியாயம் நிறைய இருக்கிறது. ஆனால் சேரி பிரித்தவர்களுக்கு, கோவலனுக்கு எதிரே நிற்க வேண்டியவள் கண்ணகைதான். கணவனும் மனைவியும்தான் இரு முனை. மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து சண்டையை மூட்டாமல், அந்த இருவருக்கு நடுவிலேயே வடத்தைக் கட்டினார்கள். சேரி பெரும்பாலும் பிறப்போடு வருவதால் புருஷன் வடசேரியும் பெண்சாதி தென்சேரியுமாக அமைந்த வீடுகள் இருந்தன. கொம்பு நடக்கும் நாட்களில் அந்த வீட்டுத் திண்ணையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதையில் கண்ணகை கணவனைக் கடிந்து பேசுவது மிகக் குறைவு. அவளுக்காக வாவிக்கரைப் பெண்கள் கொம்புக் காலத்தில் பேசினார்கள்.

நீங்கள் கட்டும் பெயரில் இருவரும் உருகி ஒன்றாகிவிடுகிறார்கள். அதில் உங்கள் விருப்பம் தெரிகிறது, அழகான விருப்பம். வடசேரி, தென்சேரி என்ற பெயர்களில் இருவரின் பெயரும் இல்லை, இருவரும் ஒன்றாவதும் இல்லை. கொம்பைப் பாருங்கள். தனியே ஒரு கொம்பை வைத்து இந்த விளையாட்டை ஆட முடியாது. இரண்டும் கொளுவ வேண்டும், கொளுவிய பிறகு இரண்டும் எதிரெதிரே இழுபட வேண்டும். இழுக்க இழுக்கத்தான் பிடி இறுகும். ஒரு மணவாழ்க்கையை இத்தனை உண்மையாகக் காட்டிய சடங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. கொளுவலும் முறிவும் ஒரே நாளில் ஊரறிய நடந்தன. முறிந்ததும் மழை வருமென்று எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

வசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சோடிச் சண்டைகள் சில வேளை வரம்பு கடப்பதை அறிவேன். கொம்பில் வென்றவர் பாடும் வசை சாதாரண வசை இல்லை, காது கூசும். ஆனால் அதற்கு நாளும் இடமும் இருந்தன. அம்மன் முன்னிலையில், கொம்பு நடக்கும் நாட்களில், எதிர்ச்சேரியை முழுதாகப் பார்த்துப் பாடுவார்கள். குளிர்த்தி முடிந்த பின் அந்தப் பாட்டை யாரும் வாயில் எடுப்பதில்லை. ஒரு பெண்ணைத் தனியே குறிவைத்து, அவள் விரும்பும் சோடியைக் காரணம் காட்டி, இரவு முழுதும் ஏசுவதை எந்தச் சேரியும் ஏற்றிராது. உங்களில் ஒருத்திக்கு அப்படி நடந்ததை நான் அறிந்தேன். அதைச் செய்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், போய் அவளோடு பேசுங்கள்.

இப்போது நான் கேட்பது.

கொம்பு விளையாட்டு பல ஊர்களில் நின்று நெடுங்காலம் ஆயிற்று. 1980களில் போர் வந்தபின் சனம் ஓர் இடத்தில் கூடுவதே அச்சமாயிற்று. 2004 மார்கழியில் கடல் எழுந்து எழுவான்கரை வீடுகளைக் கொண்டுபோயிற்று. இன்று சில ஊர்களில் ஆர்வலர்கள் மறுபடி கொம்பு எடுக்கிறார்கள், பல்கலைக்கழகத்தார் எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எந்தக் குடும்பம் எந்தச் சேரி, சேரியின் எல்லை எந்த ஒழுங்கை, கொம்பை எந்த வளவில் வைத்தார்கள், கடைசியாக முறிந்தது யாருடையது என்பவை புத்தகத்தில் இல்லை. அவை உங்கள் அம்மம்மாவிடமும் பெத்தப்பாவிடமும் இருக்கின்றன.

போய்க் கேளுங்கள். ‘நாம எந்தச் சேரி?’ என்று மட்டும் கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். அம்மம்மா பக்கம் எந்தச் சேரி, அப்பப்பா பக்கம் எது, கல்யாணத்துக்குப் பிறகு யாராவது மாறினார்களா, கொம்பு நடந்த இரவில் பெண்கள் எங்கே நின்றார்கள், பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று கேளுங்கள். பூப்பறித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அது செண்பகமா, வேறு பூவா? முறிந்த தடி கோவலனுடையது என்கிறார்களா? வடசேரி வீட்டில் கதை வேறு மாதிரி இருக்கக்கூடும். இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், தென்சேரிக் கதையோடு பொருத்தித் திருத்தாதீர்கள். வசைப் பாட்டுகளைப் பாடச் சொன்னால் முதலில் வெட்கப்படுவார்கள், உங்களை வெளியே போகச் சொல்வார்கள். பொறுமையாக இருந்து பதிவு செய்யுங்கள். கெட்ட சொல் வந்தால் அழிக்க வேண்டாம். போனில் பதிவதோடு நிறுத்தாமல் ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். போன் உடையும், மாறும். ஆளின் ஊர், பிறந்த ஆண்டு, சேரி, கேட்ட திகதி ஆகிய நான்கும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இருக்கட்டும். அம்மன் கோயில் வண்ணக்கரிடம் ஒரு பிரதி கொடுங்கள், பள்ளி நூலகத்தில் ஒன்று வையுங்கள்.

பெயர் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பெயர் சேகரிக்கவும் கை வரும் என்ற நம்பிக்கையில்தான் பெரியவர்களை விட்டுவிட்டு உங்களைக் கேட்கிறேன். எந்தச் சோடிக்கு எந்த ஊர்ப் பிள்ளை எப்போது பெயர் வைத்தாள் என்பதைக்கூட நீங்கள் மறக்காமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கதிருக்கும் முல்லைக்கும் நீங்கள் வைத்த பெயரையும் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், திகதியோடு. அது யார் வாயில் முதலில் வந்தது, யார் மறுத்தார்கள், மறுத்தவர்கள் தங்களுக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேருங்கள். வைகாசிக் கதவு திறக்க இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொருவரும் இரண்டு வீட்டில் கேட்டு முடித்தால் நன்று. ஒன்று வடசேரி வீடாக இருக்கட்டும்.

அன்புடன்,
தென்சேரி வாரத்து அக்கா